கையுறைக்கு ஒரு நியாயம், எடைக்கு ஒரு நியாயம்

மறுபடியும் நாஸ்கார் (அமெரிக்கக் கார் பந்தயத் தொடர்), மறுபடியும் சார்லட் ரோவல் பந்தயப் பஞ்சாயத்து. போன பதிவுக்குக் கீழே ஒருவர் வந்து, ஓட்டுநர் அலெக்ஸ் போமேன் "பிராடு" என்று ஒரே வார்த்தையில் தீர்ப்பு எழுதிவிட்டுப் போயிருக்கிறார். 2024 அக்டோபரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். 18-வதாக வந்து சாம்பியன் பட்டத்துக்கான அடுத்த சுற்றுக்குப் போனவர், வண்டியின் எடை விதித்த குறைந்தபட்சத்துக்குக் கீழே போனதால் வெளியே. வெளியே நின்ற ஜோயி லோகானோ உள்ளே. அடுத்த வாரமே லாஸ் வேகாஸில் வெற்றி, நவம்பரில் ஃபீனிக்ஸில் மூன்றாவது சாம்பியன் பட்டம்.

தண்டனை தப்பு என்று நான் சொல்லவில்லை. எத்தனை முறை எழுதினாலும் சிலருக்கு இந்த வரி மட்டும் கண்ணில் படாது. எடை குறைந்தால் குறைந்ததுதான். நான் சொல்வது ஒன்றே ஒன்று: நாஸ்காரில் தெரிந்தே செய்கிற தப்பு மலிவு, கணக்குத் தப்பினால் தலை போகும்.

அதே ஆண்டு பிப்ரவரி, அட்லாண்டா தகுதிச் சுற்று. லோகானோவின் இடக்கை கையுறையில் விரல்களுக்கு நடுவே வாத்துக் கால் மாதிரி சவ்வு. அங்கே தகுதிச் சுற்றில் ஆக்சிலரேட்டரை மிதித்தபடியே ஓட்டலாம், ஸ்டியரிங்குக்கு ஒரு கை போதும். சும்மா இருக்கும் இடக்கையை ஜன்னல் வலையை ஒட்டி விரித்துப் பிடித்தால் உள்ளே புகும் காற்று குறையும், வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் காற்றுத் தடையும் குறையும். அந்தச் சவ்வு தானாக முளைக்கவில்லை. துணி வெட்டி, ஊசி நூல் எடுத்து யாரோ உட்கார்ந்து தைத்திருக்கிறார்கள். தண்டனை? கடைசி வரிசையில் தொடக்கம், பந்தயம் ஆரம்பித்ததும் பிட் ரோடு (டயர் மாற்ற, எரிபொருள் நிரப்ப ஒதுங்கும் பாதை) வழியாக மெதுவாக ஒரு முறை போய் வருவது, 10,000 டாலர் அபராதம்.

இப்போது எடைக்கு வருவோம். வண்டியை லேசாகக் கட்டி, மிச்சத்துக்கு டங்ஸ்டன் கட்டிகளை அடியில் தாழ வைப்பார்கள். பந்தயத்தில் டயர் ரப்பர் தேயும், பிரேக் பேட் கரையும், கூலண்ட் வெளியேறும். அதற்காகத்தான் முடிந்தபின் அரை சதவீதச் சலுகை. 3,200 பவுண்டு என்று வைத்தாலே 16 பவுண்டு, ஏழு கிலோவுக்கு மேல். எரிபொருளும் தண்ணீரும் நிரப்பி மறுபடி நிறுக்கவும் விட்டார்கள். அப்படியும் எட்டவில்லை. கவனக்குறைவு, இல்லையென்றால் பேராசை. போமேனின் ஹெண்ட்ரிக் அணி மேல்முறையீட்டுக்கே போகவில்லை, வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டது.

"உள்நோக்கத்தை எந்தத் தராசில் நிறுப்பது?" என்பீர்கள். நல்ல கேள்வி, பதில் என்னிடம் இல்லை. ஆனால் தையல் போட்ட கையுறையில் நிறுக்க என்ன இருக்கிறது ஐயா?

"லோகானோ மேல் வயிற்றெரிச்சல்" என்பார்கள் அடுத்து. 2025 ஏப்ரலில் டல்லடேகாவில் ஸ்பாய்லரில் (பின்பக்கக் காற்றுத் தடுப்புத் தகடு) ஒரு போல்ட் இல்லை என்று அவருடைய ஐந்தாம் இடம் பறிபோனதே, அன்றைக்கு எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. அதே நாளில் ரயன் ப்ரீஸ் ஸ்பாய்லரில் இரண்டு ஷிம் (இடைவெளிக்கு வைக்கும் மெல்லிய தகடு) வரை அனுமதித்த இடத்தில் மூன்று வைத்து இரண்டாம் இடத்தை இழந்தார். ஒரு போல்ட், ஒரு ஷிம். சவ்வு மட்டும் பத்தாயிரம்!

"அளவு பொய் சொல்லாது" என்று இன்னொரு கூட்டம். 2023-ல் லாஸ் வேகாஸில் ரயன் பிளேனியை ஷாக் அப்சார்பர் நீளம் சரியில்லை என்று நீக்கினார்களே? மறுநாள் பார்த்தால் கோளாறு, அளக்கப் பயன்படுத்திய டெம்ப்ளேட் என்ற அளவு மாதிரியில். நீக்கத்தைத் திரும்பப் பெற்றார்கள்.

இன்னும் பின்னால் போனால் 1983 சார்லட். எஞ்சின் வரம்பு 358 கன அங்குலம், ரிச்சர்ட் பெட்டியின் வண்டியில் இருந்தது ஏறக்குறைய 382. போதாததற்கு, இடப்பக்கம் போட வேண்டிய மென்மையான டயர்கள் வலப்பக்கத்தில். 35,000 டாலர் அபராதம், 104 புள்ளி பறிப்பு. வெற்றி மட்டும் அவருக்கே. அது அவருடைய 198-வது. 200 வெற்றி, 200 வெற்றி என்று எல்லோரும் கொண்டாடுகிறோமே, நான் உட்பட, அதில் ஒன்றைக் கழித்துச் சொன்ன ஒருவரைக் காட்டுங்கள். அவர் "கிங்". போமேன் "பிராடு".

கீழே எழுத வருகிறவர்கள் முதலில் அந்தக் கையுறைப் படத்தைப் போட்டுவிட்டு எழுதுங்கள்.