முக்கோணத்தைப் பிறகு வரைந்துகொள்ளலாம்

அமெரிக்க அரசமைப்புச் சட்டத்தைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்துகிறவர்கள் முதல் நாளே பலகையில் ஒரு முக்கோணம் வரைந்துவிடுகிறார்கள். ஒரு முனையில் காங்கிரஸ் என்ற நாடாளுமன்றம், இன்னொரு முனையில் அதிபர், மூன்றாவதில் உச்ச நீதிமன்றம், நடுவே அம்புக்குறிகள். அதிபர் மசோதாவை நிராகரிக்கலாம்; மூன்றில் இரண்டு பங்கு வாக்கு இருந்தால் காங்கிரஸ் அதை மீறிச் சட்டமாக்கலாம்; நீதிபதிகளை அதிபர் நியமிக்க, காங்கிரஸின் மேலவையான செனட் ஒப்புதல் தர வேண்டும். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். தேர்வில் மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். கோடை விடுமுறை முடிந்து வரும்போது அந்த அம்புகளில் ஒன்றுகூட நினைவில் இருப்பதில்லை.

நியூஜெர்சியில் எங்கள் ஊர்ப் பொது நூலகத்தில் சனிக்கிழமை காலைகளில் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் பத்துப் பதினைந்து பேருக்கு இந்தப் பாடத்தைச் சொல்லித் தருகிறேன். பாதிப் பேர் தமிழ் வீட்டுப் பிள்ளைகள். சம்பளமில்லாத வேலை; ஆனால் வாரம் முழுவதும் நான் எதிர்பார்த்துக் காத்திருக்கும் வேலை. தொடக்கத்தில் நானும் முக்கோணம்தான் வரைந்தேன். இப்போது வரைவதில்லை. முதல் வகுப்பில் ஒரு வழக்கைக் கொடுக்கிறேன். அது எப்படி முடிந்தது என்பதை மட்டும் சொல்லாமல் வைத்துக்கொள்கிறேன்.

பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற நிலக்கரிச் சுரங்க ஊர். 1935ஆம் ஆண்டு இலையுதிர் காலம். மளிகைக் கடைக்காரர் ஒருவரின் பிள்ளைகள் இருவர், பன்னிரண்டு வயது லில்லியனும் பத்து வயது பில்லியும், காலையில் பள்ளியில் கொடிக்கு வணக்கம் செலுத்த மறுக்கிறார்கள். அவர்கள் குடும்பம் யெகோவாவின் சாட்சிகள் சபையைச் சேர்ந்தது. கொடியை வணங்குவது சிலை வணக்கம் என்பது அவர்கள் நம்பிக்கை. பில்லி பள்ளி நிர்வாகக் குழுவுக்குத் தன் கைப்படக் கடிதம் எழுதினான்: நாட்டை நேசிக்காததால் அல்ல, நாட்டையும் நேசிக்கிறேன், கடவுளை அதைவிட அதிகம் நேசிக்கிறேன் என்று. இருவரும் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். தந்தை வழக்குப் போட்டார். கீழ் நீதிமன்றங்கள் இரண்டும் பிள்ளைகள் பக்கம் நின்றன. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, நீங்கள் நீதிபதியானால் என்ன சொல்வீர்கள் என்று கேட்கிறேன். என் முன்னே இருப்பவர்கள் மழலையர் வகுப்பிலிருந்து ஒவ்வொரு காலையும் எழுந்து நின்று, கொடியைப் பார்த்து நாட்டுப்பற்று உறுதிமொழி சொல்லி வளர்ந்தவர்கள். அவர்களுக்கு இது பழங்கதை இல்லை. ஒவ்வோர் ஆண்டும் பாதிக்கு மேற்பட்ட கைகள் பள்ளி நிர்வாகத்துக்கு ஆதரவாகவே உயர்கின்றன. 'ஒரு நிமிடம்தானே, சொல்லிவிட்டால் என்ன' என்கிறார்கள். 'ஒருவருக்கு விலக்குக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள்' என்கிறார்கள்.

1940ஆம் ஆண்டு ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றமும் ஏறக்குறைய அதைத்தான் சொன்னது. எட்டுக்கு ஒன்று. தீர்ப்பை எழுதியவர் ஃபெலிக்ஸ் பிராங்க்ஃபர்ட்டர். தேச ஒற்றுமைதான் தேசப் பாதுகாப்புக்கு அடிப்படை. எந்தப் பள்ளியில் எதைக் கற்பிப்பது என்று நீதிபதிகள் உத்தரவிடுவது சரியில்லை. மக்கள் தேர்ந்தெடுத்தவர்களிடம் அதை விட்டுவிடுவோம் என்பது அவர் வாதம். அந்த வாரம் டன்கர்க் கடற்கரையிலிருந்து பிரிட்டிஷ் படைகள் பின்வாங்கிக்கொண்டிருந்தன என்பதையும் பிள்ளைகளிடம் சொல்கிறேன். தீர்ப்புகளுக்கும் தேதி உண்டு, அந்தத் தேதிக்கு ஒரு பயம் உண்டு. அடுத்த சில நாள்களில் யெகோவாவின் சாட்சிகள் மீது நாட்டின் பல இடங்களில் தாக்குதல்கள் நடந்தன. மெய்ன் மாநிலத்தில் கென்னபங்க் என்ற ஊரில் அவர்களது கூடத்துக்குத் தீ வைத்தார்கள்.

இதைக் கேட்டதும் வகுப்பில் ஓர் அமைதி வரும். கையைத் தூக்கியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அவர்களை வெட்கப்பட வைப்பது என் நோக்கமில்லை என்று உடனே சொல்லிவிடுவேன், ஏனென்றால் உண்மையிலேயே அது நோக்கமில்லை. நல்லெண்ணமும் கூர்மதியும் உள்ள எட்டுப் பேர் அன்று அவர்களைப் போலவேதான் நினைத்தார்கள்.

பிறகு இரண்டாவது வழக்கு. மேற்கு வர்ஜீனியா. பேர்ல் துறைமுகத் தாக்குதல் நடந்த அடுத்த மாதமே, 1942 ஜனவரியில், அந்த மாநிலக் கல்வி வாரியம் கொடி வணக்கத்தைக் கட்டாயமாக்கியது. மேரி, கேத்தி என்ற இரண்டு சிறுமிகள் மறுத்தார்கள். அதே சபை, அதே காரணம், அதே தண்டனை. 1943 ஜூன் 14 அன்று, கொடி நாளன்றே, உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தன் சொந்தத் தீர்ப்பையே புரட்டிப் போட்டது. அரசியலிலோ தேசப்பற்றிலோ மதத்திலோ எது சரியான கருத்து என்று விதிக்கவும், அதை வாயால் ஒப்புக்கொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் பெரிய அதிகாரி, சிறிய அதிகாரி எவருக்கும் உரிமையில்லை என்று ராபர்ட் ஜாக்சன் எழுதினார். (இரண்டு குடும்பங்களின் பெயரையும் நீதிமன்ற ஆவணங்களில் தவறாக எழுதிவிட்டார்கள். முதல் வழக்கின் கோபிட்டாஸ் 'கோபிட்டிஸ்' ஆனது, இரண்டாவது வழக்கின் பார்னெட் என்ற பெயரில் ஓர் எழுத்து கூடிப்போனது. தங்கள் பெயரை ஒவ்வோர் ஆசிரியரிடமும் எழுத்தெழுத்தாகச் சொல்லியே வளர்ந்த எங்கள் பிள்ளைகள் இதை மறப்பதே இல்லை.)

இப்போதுதான் நான் காத்திருந்த கேள்வி வரும். 1940க்கும் 1943க்கும் இடையில் அரசமைப்புச் சட்டத்தில் ஒரு கமாகூட மாறவில்லையே, பிறகு எப்படி?

எண்ணிப் பாருங்கள் என்று சொல்வேன். 1940இல் தனியாக நின்று மறுத்தவர் ஹார்லன் ஸ்டோன். 1941இல் அவரையே தலைமை நீதிபதியாக உயர்த்தினார் அதிபர் ரூஸ்வெல்ட். ஸ்டோன் விட்ட இடத்துக்கு ஜாக்சன் வந்தார். 1943 தொடக்கத்தில் ரட்லெட்ஜ் சேர்ந்தார். பிளாக், டக்ளஸ், மர்ஃபி மூவரும் தங்கள் முந்தைய முடிவு தவறு என்று 1942இல் வேறொரு வழக்கில் வெளிப்படையாகவே எழுதியிருந்தார்கள். ஆக மொத்தம் ஆறு. யார் நியமித்தார்கள், யார் ஒப்புதல் தந்தார்கள், நீதிபதிகளின் பதவி ஏன் வாழ்நாள் பதவி, முன்தீர்ப்பு எவ்வளவு தூரம் கட்டுப்படுத்தும் என்று அடுத்தடுத்துக் கேள்விகள். முக்கோணத்தை அன்று பிள்ளைகளே வரைகிறார்கள். அம்புக்குறிகள் ஏன் அங்கே இருக்கின்றன என்று தெரிந்து வரைகிறார்கள்.

இதே வழக்கில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. பேச்சு, மதச் சுதந்திரங்களைக் காக்கும் முதலாவது திருத்தத்தை உரக்கப் படிக்கச் சொன்னால், 'காங்கிரஸ் சட்டம் இயற்றக் கூடாது' என்றுதான் அது தொடங்குகிறது. மேற்கு வர்ஜீனியாவின் கல்வி வாரியம் காங்கிரஸ் இல்லையே? கூர்மையான பிள்ளை ஒன்று இதைக் கண்டுபிடித்துவிடும். அங்கிருந்து 1868இன் பதினான்காவது திருத்தத்துக்குப் போக வேண்டும், அது மாநிலங்களைப் பார்த்துப் பேசுகிறது. அது ஏன் தேவைப்பட்டது என்றால் உள்நாட்டுப் போருக்கும், கறுப்பின மக்கள் குடிமக்களாகவே முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் இதே நீதிமன்றம் சொன்ன கொடுமைக்கும் போக வேண்டும். அதற்கும் பின்னால் 1787இன் மூல வாசகத்துக்கு. திருத்தங்களை விட்டுவிட்டால் அது ஏறத்தாழ 4,500 சொற்கள்தான். ஒரு மணி நேரத்துக்குள் மாற்றி மாற்றி உரக்கப் படித்து முடித்துவிடலாம். மக்கள்தொகையைக் கணக்கிடும் பகுதியில் 'ஐந்தில் மூன்று பங்கு மற்ற நபர்கள்' என்ற இடத்தில் படிப்பவரின் குரல் நின்றுவிடும். யார் அந்த மற்ற நபர்கள்? அடிமை என்ற சொல் அந்த மூல வாசகத்தில் ஓர் இடத்தில்கூட இல்லை என்பதை அவர்களே தேடித் தெரிந்துகொள்கிறார்கள். நான் நடத்தும் எந்த விரிவுரையும் அந்த நிமிடத்துக்கு ஈடாகாது.

இதெல்லாம் தேர்வுக்கு வருமா என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கல்லூரி நிலைப் பாடமான ஏபி தேர்வுக்கான கட்டாய வழக்குகளின் பட்டியலில் பார்னெட் வழக்கு இல்லை. ஆனால் வியட்நாம் போரை எதிர்த்து மாணவர்கள் கையில் கறுப்புப் பட்டை அணிந்த 1969ஆம் ஆண்டு டிங்கர் வழக்கு இருக்கிறது. பார்னெட்டை உள்வாங்கிய பிள்ளைக்கு டிங்கர் பத்து நிமிட வேலை.

வழக்குகளையே படித்தால் அரசு என்றாலே நீதிமன்றம்தான் என்று பிள்ளைகள் நினைத்துவிட மாட்டார்களா என்று நண்பர் ஒருவர் கேட்டார். அந்த ஆபத்து உண்டு, நான் மறுக்கவில்லை. அதனால்தான் இருபத்தேழாவது திருத்தத்தையும் கூடவே சொல்கிறேன். காங்கிரஸ் உறுப்பினர்களின் ஊதிய மாற்றம் அடுத்த தேர்தலுக்குப் பிறகே நடைமுறைக்கு வர வேண்டும் என்ற அந்தத் திருத்தம் 1789இல் முன்மொழியப்பட்டுக் கிடப்பில் கிடந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழக மாணவர் கிரெகரி வாட்சன் 1982இல் அதைப் பற்றிக் கட்டுரை எழுதி 'சி' மதிப்பெண் வாங்கினார். பிறகு அதற்கு ஒப்புதல் கேட்டு மாநிலச் சட்டமன்றங்களுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். 1992இல் அது அரசமைப்பின் பகுதியானது.

இந்தியாவிலிருந்து வந்த பெற்றோருக்கு இன்னொன்றையும் சொல்கிறேன். 1985இல் கேரளத்தில் தேசிய கீதத்தின்போது மரியாதையாக எழுந்து நின்று, பாட மட்டும் மறுத்த மூன்று பிள்ளைகள் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டார்கள். அவர்களும் யெகோவாவின் சாட்சிகள்தான். மறு ஆண்டு பிஜோ இம்மானுவேல் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்ற நீதிபதி சின்னப்ப ரெட்டி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். பார்னெட் தீர்ப்பும் அதில் எடுத்துப் பேசப்பட்டிருக்கிறது. மேற்கு வர்ஜீனியாவின் இரண்டு சிறுமிகளுக்காக எழுதப்பட்டது கேரளத்துப் பிள்ளைகளுக்கும் உதவியிருக்கிறது என்று கேட்டபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா எழுந்து முன்னால் வந்து உட்கார்ந்தார்.

கடைசியாக, பிராங்க்ஃபர்ட்டரைப் பற்றி. அவரை வில்லனாக்கிப் பாடம் நடத்துவதை நான் அடியோடு வெறுக்கிறேன். வியன்னாவில் பிறந்த யூதர் அவர்; ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமல் சிறுவனாக நியூயார்க்கில் வந்து இறங்கியவர். 1943இல் தோற்றபோதும் நீண்ட மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். வரலாற்றில் மிக அதிகமாகத் துன்புறுத்தப்பட்ட சிறுபான்மையைச் சேர்ந்த எனக்கு இந்த உரிமைகளின் அருமை தெரியாமல் போகாது என்றுதான் அது தொடங்குகிறது. 'நமக்கு இடம் கொடுத்த நாடு, அதன் கொடிக்கு வணக்கம் சொன்னால் என்ன குறைந்துவிடும்' என்று எங்கள் வீடுகளில் பெரியவர்கள் கேட்பார்களே, அதே நன்றியுணர்வு அவர் எழுத்திலும் இருக்கிறது.

சென்ற வாரம் பதினோராம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் மட்டும் இறுதிவரை கையை இறக்கவில்லை. இரண்டு தீர்ப்புகளையும் வாசித்துவிட்டாள், தீ வைத்ததையும் கேட்டுவிட்டாள். 'நடந்தது தவறு, ஆனாலும் அதைத் திருத்த வேண்டியது சட்டமன்றம்தான், ஒன்பது பேர் அல்ல' என்றாள். மற்றவர்கள் அவளோடு நாற்பது நிமிடம் வாதாடினார்கள். நூலகர் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். பிராங்க்ஃபர்ட்டரின் மாறுபட்ட தீர்ப்பு முழுவதும் வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அச்செடுத்து வைத்திருக்கிறேன், இந்தச் சனிக்கிழமை கொடுக்க வேண்டும்.