கீட்டோன் பவுடர் குடித்தால் டெஸ்டோஸ்டிரோன் இரட்டிப்பாகுமா?

"வெயிட் தூக்குவதற்கு முன் ஒரு ஸ்கூப் கீட்டோன் பவுடர் குடித்தால் டெஸ்டோஸ்டிரோன் இரட்டிப்பாகும், தசை தானாக வளரும்" என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி ஜிம் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. இது தவறு. கீட்டோன் என்பது உடல் கொழுப்பை எரிக்கும்போது உருவாகும் ஒரு எரிபொருள், டெஸ்டோஸ்டிரோன் என்பது ஆண் ஹார்மோன்.

இந்தப் பவுடரைக் குடித்தால் ரத்தத்தில் கீட்டோன் அளவு கூடும், சர்க்கரை கொஞ்சம் இறங்கும், அது உண்மைதான். ஆனால் டெஸ்டோஸ்டிரோன் இரட்டிப்பாகும் என்பதற்கு ஆதாரம் இல்லை. சரி, ஏறுகிறது என்றே வைத்துக்கொள்வோம், அதனால் தசை வளர்ந்துவிடுமா? கனமான ஸ்குவாட் முடித்து, வியர்வை சொட்ட பெஞ்சில் உட்கார்ந்து மூச்சு வாங்கும்போது அந்த ஹார்மோன் எந்தப் பவுடரும் இல்லாமலே கொஞ்சம் ஏறும், அப்புறம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் பழைய அளவுக்கே வந்துவிடும். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில், ஏற்கெனவே பயிற்சி உள்ள 49 இளைஞர்களை 12 வாரம் எடை தூக்க வைத்துப் பார்த்தார்கள். டெஸ்டோஸ்டிரோனின் இந்தத் தற்காலிக ஏற்றத்துக்கும் தசை வளர்ச்சிக்கும் தொடர்பு தெரியவில்லை. 2016-ல் ஜர்னல் ஆஃப் அப்ளைடு பிசியாலஜி இதழில் வந்த ஆய்வு இது, பப்மெட் என்ற மருத்துவ ஆய்வுத் தளத்தில் தேடினால் சுருக்கத்தை இலவசமாகவே படிக்கலாம்.

இன்னொன்று, கீட்டோன் உப்பு வகைப் பவுடர்கள் பலவற்றில் சோடியம் அதிகம். பிரஷர் இருக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள். அந்தச் செய்தி உங்களுக்கு வந்திருந்தால் தயவுசெய்து யாருக்கும் அனுப்ப வேண்டாம், அனுப்பியவரிடமும் விஷயத்தைப் பொறுமையாகச் சொல்லுங்கள்.