சவப்பெட்டி என்று சிரித்தவர்களுக்கு

நம் காரைக்குடியில் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியும். வீடியோவும் சுற்றிவிட்டது. ஓய்வு பெற்ற மிக்-21 போர் விமானம் பற்றிப் பேச வந்த கல்லூரிப் பையனைப் பேசவே விடாமல், "பறக்கும் சவப்பெட்டிக்கு ஒப்பாரியா?" என்று மேடையில் இருந்தே கேட்டார்கள். சபை சிரித்தது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த விமானம் இன்னும் பறக்க வேண்டும் என்று அவன் சொல்லவே இல்லை. பழைய விமானங்களை நேசிக்கிற நாங்கள் யாருமே அப்படிச் சொல்லவில்லை. 1963-ல் விமானப்படைக்கு வந்தது, 2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் விடைபெற்றது. 62 வருடம் உழைத்தாயிற்று. போகட்டும். போகிற நேரத்தில் வாசல் வரை வந்து வழியனுப்புகிறோம், அவ்வளவுதான். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?

சரி, சவப்பெட்டிக்கு வருகிறேன். விபத்துக் கணக்கை யாரும் மறைக்கவில்லை. வாங்கிய 872 மிக் விமானங்களில் 482 விபத்துக்குள்ளாகிவிட்டன, 171 விமானிகள் இறந்துவிட்டார்கள் என்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் ஏ.கே. ஆண்டனியே 2012-ல் நாடாளுமன்றத்தில் சொன்னார். ஆனால் ஏன் என்று யாராவது கேட்டீர்களா? மிக்-21 தரையிறங்கும் வேகமே மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல். அதற்குப் பழக்க நல்ல பயிற்சி ஜெட் வேண்டும் என்று எண்பதுகளிலேயே கேட்டாயிற்று. அப்படிப்பட்ட ஹாக் ஜெட் படையில் சேர்ந்தது 2008-ல். அதுவரை கிரண் மாதிரி மெதுவான பயிற்சி விமானத்தில் இருந்து இறக்கி, மீசை சரியாக முளைக்காத பிள்ளைகளை நேரே இதில் ஏற்றிவிட்டார்கள். கோப்பு தூங்கியதற்குப் பழி விமானத்தின் தலையில். இதைத்தான் அந்தப் பையன் சொல்ல வந்தான். அவன் கையில் இருந்த தாளில் கிரண், ஹாக், வருடம் எல்லாம் சிவப்பு மையில் அடிக்கோடிட்டு இருந்தது. நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அதைக் கடைசிவரை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தான்.

வங்கதேசப் போரின்போது 1971 டிசம்பர் 14 அன்று டாக்காவில் கிழக்குப் பாகிஸ்தான் ஆளுநரின் மாளிகையைத் தாக்கியதும் இதே மிக்-21தான். அன்றே ஆளுநர் ராஜினாமா செய்தார். 2019-ல் அபிநந்தன் ஓட்டியதும் இதுதான். அப்போது அவர் மீசையை முகப்புப் படமாக வைத்தவர்கள் இன்று சவப்பெட்டி என்கிறீர்கள்.

எங்கள் ஐயா பினாங்கில் வட்டிக்கடைக் கிட்டங்கியில் இருந்தவர். போனதும் வந்ததும் ரஜூலா கப்பலில், டெக் டிக்கெட்டில். 1926-ல் கட்டிய கப்பல். நெரிசல், வாந்தி, உப்புக்காற்று என்று அந்தக் கப்பலைத் திட்டாத நாள் கிடையாது. எழுபதுகளில் அதை உடைக்கக் கொடுத்துவிட்டார்கள் என்று கேட்ட அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு வரவில்லை. வளவு முற்றத்தில் தூணில் சாய்ந்தபடியே இருந்தார். அப்பத்தா ஒரு வார்த்தை பேசவில்லை, மோர் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பழைய இரும்புக்கா இந்தப் பாடு என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்கவில்லை.

'எரிபொருளைக் குடிக்கிற பழைய விமானங்களைக் கொண்டாடலாமா?' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓய்வு பெறுவதைத்தானே ஐயா கொண்டாடுகிறோம்! 2024 ஏப்ரல் 22 அன்று ஏர் இந்தியாவின் கடைசி போயிங் 747 விமானம் மும்பையில் இருந்து கிளம்பும்போது, இறக்கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்த்துக் காட்டிவிட்டுத்தான் போனது. விமானிக்கே தோன்றியிருக்கிறது. நான்கு எஞ்சின் இனிக் கட்டுப்படியாகாது என்று எங்களுக்கும் தெரியும்.

'வசதியானவர்களின் பொழுதுபோக்கு' என்று இன்னொருவர். இதுதான் ரொம்ப வலிக்கிறது. அந்தப் பையனின் அப்பாவுக்கு டீக்கடை. பஸ் பிடித்து மதுரைக்குப் போய், விமான நிலைய மதிலுக்கு வெளியே வெயிலில் நின்று பார்த்துவிட்டு வருகிறவன். எந்த வசதியைக் கண்டீர்கள் அவனிடம்?

பழசை மதிக்கிற ஊர் என்று நம்மை நாமே மெச்சிக்கொள்கிறோம். வெளிநாட்டுக்காரர் வந்து ஆத்தங்குடித் தரைக் கல்லைப் படம் எடுத்தால் பெருமை. ஆனால் பங்காளிகளுக்குள் ஒத்துவராமல் பிரித்துப் போட்ட வீடுகளின் பர்மாத் தேக்குத் தூணும் நிலையும் முனீஸ்வரன் கோயில் தெருவில் விலைச்சீட்டோடு நிற்கின்றன. தூணை இறக்கும்போது தெருவில் நாலு பேர் வந்து நின்றோமா? என் சொந்த வீட்டுப் பங்கு பிரிந்தபோதும் ஒருவரும் வரவில்லை. வழியனுப்பத் தெரியாத நாம், தெரிந்த ஒரு பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிறோம். கானாடுகாத்தான் பக்கம் இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளம் ஒன்று கிடக்கிறதே, அதைப் போய்ப் பார்த்தவர்கள் அந்தச் சபையில் எத்தனை பேர்?

2017 மார்ச்சில் நம் அரக்கோணம் ராஜாளி தளத்தில் கடற்படையின் டியூ-142 கண்காணிப்பு விமானங்கள் ஓய்வு பெற்றன. நான்கு எஞ்சின், எட்டு உந்துவிசிறி, அவ்வளவு பெரிய உருவம். அதில் ஒன்றை விசாகப்பட்டினம் கடற்கரையில் நிறுத்தி அருங்காட்சியகம் ஆக்கிவிட்டார்கள். பிள்ளைகள் உள்ளே ஏறிப் பார்க்கிறார்கள். ஓய்வு பெற்ற மிக்குகளும் கல்லூரி வாசல்களில் நிற்கின்றன. காரைக்குடிக்கும் ஒன்று கேட்டு மனு எழுதியிருக்கிறேன். முதல் கையெழுத்து அந்தப் பையனுடையது. அடுத்து போட வருகிறவர்கள் கீழே பெயரைச் சொல்லுங்கள். சிரித்தவர்களும் வரலாம்.