ரெயூனியன் பேருந்துக் குழுவில் சீட்டு விழுந்தவருக்கு என்ன வேலை?

இந்தியப் பெருங்கடலில் இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், பக்கத்து ஊர்கள் சேர்ந்து நடத்தும் நகராட்சிக் கூட்டமைப்பிலிருந்து ஒரு கடிதம் வரும். உங்கள் பெயர் சீட்டில் விழுந்திருக்கிறது, போக்குவரத்துக் கூட்டாளர் குழுவில் உட்காரச் சம்மதமா என்று கேட்டிருப்பார்கள். பலர் அதைத் தண்ணீர் பில்லோடு சேர்த்து வைத்துவிட்டு மறந்துவிடுகிறார்கள். சேன்த் ஆந்த்ரேயிலும் சேன் பெனுவாவிலும் சேன் தெனியிலும் இருக்கும் நம் மக்கள் அப்படி மறந்துவிடக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். நீளமான பதிவு, பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் சட்டம். பிரான்ஸின் 2019 டிசம்பர் 24ஆம் தேதிப் போக்குவரத்துச் சட்டம், பேருந்து சேவை நடத்தும் ஒவ்வொரு அமைப்பும் ஒரு கூட்டாளர் குழு வைத்தே ஆக வேண்டும் என்றது. வேலை கொடுப்பவர்களின் பிரதிநிதிகள், பயணிகள் அல்லது குடியிருப்போர் சங்கங்கள், இந்த இரண்டு தரப்பும் கட்டாயம். 2021 ஆகஸ்ட் 22ஆம் தேதிப் பருவநிலைச் சட்டம் மூன்றாவது தரப்பைச் சேர்த்தது: சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்த சாதாரணக் குடிமக்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது இந்தக் குழுவைக் கேட்க வேண்டும். சேவையில் பெரிய மாற்றம் செய்வதற்கு முன்னாலும், கட்டணக் கொள்கையைத் தொடுவதற்கு முன்னாலும் கேட்க வேண்டும். 11 பேர் அல்லது அதற்கு மேல் வேலைக்கு வைத்திருக்கும் நிறுவனங்களிடம் வாங்கும் போக்குவரத்து வரியின் விகிதத்தை மாற்றுவதற்கு முன்னாலும் அப்படியே. குழு சொல்வது ஆலோசனைதான், அது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் முடிவெடுத்தால், அந்த முடிவை இரண்டு மாதத்துக்குள் நிர்வாக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோகலாம்.

சீட்டுக் குலுக்கிப் பொதுவேலைக்கு ஆள் எடுப்பது தமிழருக்குப் புதிது இல்லை. உத்திரமேரூர்க் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, 921ஆம் ஆண்டை ஒட்டியது. ஊரை 30 குடும்புகளாக, அதாவது வட்டங்களாகப் பிரித்து, ஓலையில் பெயர் எழுதிக் குடத்தில் இட்டு, விவரம் அறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்க வைத்தார்கள். ஏரி வாரியத்துக்கு 6 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், பதவிக்காலம் 360 நாள். அந்தக் குடத்தில் பெண்களின் ஓலை கிடையாது, நிலமில்லாதவரின் ஓலையும் கிடையாது. இங்கே அந்தத் தடைகள் இல்லை. ஆனால் உத்திரமேரூரில் இருந்த ஒரு கண்டிப்பு இங்கே இல்லையே என்று எனக்கு வருத்தம். கணக்குக் காட்டாமல் போனவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துக்கு வரவே முடியாது. வாரியம் என்றால் கணக்கு. நம் பேருந்துக் குழுவுக்கும் அந்தப் பழக்கம் வர வேண்டும்.

இப்போது எங்கே கெட்டுப்போகிறது என்று சொல்கிறேன். கூட்டத்தன்று மேசை மேல் 80 பக்க அறிக்கையை வைக்கிறார்கள். திரையில் வண்ண வண்ண வரைபடங்கள் ஓடுகின்றன. அதிகாரி ஒன்றரை மணி நேரம் பிரெஞ்சில், அதுவும் சுருக்கெழுத்துகளாகவே பேசுகிறார். வீட்டில் தீவின் பேச்சுமொழியான கிரெயோல் பேசுகிறவர், அந்தச் சுருக்கெழுத்து என்ன என்று கேட்கவே கூச்சப்பட்டு உட்கார்ந்திருக்கிறார். கடைசிப் பத்து நிமிடத்தில் "ஏதாவது கேள்வி உண்டா?" என்கிறார்கள். அவர் தன் நிறுத்தத்தில் பேருந்து வருவதே இல்லை என்று சொல்கிறார், "குறித்துக்கொண்டோம்" என்று பதில் வருகிறது. அவ்வளவுதான். அவர் அடுத்த முறை வரமாட்டார்.

இதற்கு மருந்து இரண்டு பக்கமும் இருக்கிறது. காகிதம் கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னாலேயே வீட்டுக்கு வர வேண்டும். முதல் இரண்டு பக்கம் எளிய மொழியில், எந்தப் பாதையில் எத்தனை மணிக்கு எது மாறுகிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். அப்படி வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். கூட்டமைப்புக்காகப் பேருந்துகளை இயக்கும் நிறுவனம் தன் ஆண்டறிக்கையை ஒவ்வொரு ஆண்டும் ஜூன் 1க்கு முன் கொடுத்தாக வேண்டும். கொடுக்கவில்லை, காட்டவில்லை என்று யாராவது சொன்னால் அஞ்சலில் எழுத்துப்பூர்வமாகக் கேட்கலாம். ஒரு மாதம் பதில் இல்லையென்றால் அது மறுப்புக்குச் சமம். அன்றிலிருந்து இரண்டு மாதத்துக்குள் அரசு ஆவணங்களைக் காட்ட மறுத்தால் முறையிடுவதற்கான காடா என்ற ஆணையத்திடம் இலவசமாக முறையிடலாம்.

உறுப்பினர் பக்கத்து மருந்து ஒரு நோட்டுப் புத்தகம். "பேருந்து எப்போதும் தாமதம்" என்று சொன்னால் யாரும் அசையமாட்டார்கள். பத்து வேலை நாள், ஒரே நிறுத்தம், ஒரே திசை, ஒரே மணி நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தேதி, அட்டவணை நேரம், வண்டி உண்மையில் நின்ற நேரம், ஏறியவர் எத்தனை, இடமில்லாமல் விடப்பட்டவர் எத்தனை, மழையா வெயிலா. ஆறே பத்தி. நேரத்தைக் கைப்பேசியில் பார்த்து எழுதுங்கள், மனக்கணக்கு வேண்டாம். தாமதத்தைவிட, முன்கூட்டியே போன வண்டியை அடிக்கோடிட்டு எழுதுங்கள். மணிக்கு ஒரு வண்டி ஓடும் பாதையில் இரண்டு நிமிடம் முன்னால் கிளம்பிய வண்டி, சரியான நேரத்துக்கு வந்து நின்றவரை ஒரு மணி நேரம் வெயிலில் நிறுத்துகிறது. நிறுவனத்தின் அறிக்கையில் நேரம் தவறாமை என்று ஒரு சதவீதம் இருக்கும். முதலில் கேட்க வேண்டிய கேள்வி: அதை எங்கே நின்று அளந்தார்கள்? பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும்போது எல்லா வண்டியும் நேரத்துக்குத்தான் கிளம்பும். பன்னிரண்டாவது நிறுத்தத்தில் என்ன நடக்கிறது என்பதுதான் பயணிக்கு வேண்டும்.

இங்கேதான் குழுவில் இருக்கும் நிபுணர், சாலைப் பொறியாளர் போன்றவர், உதவ வேண்டும். குடிமகன் கொண்டுவரும் நோட்டை எடுத்து, அதை வண்டிக் கணக்காக மாற்றிக் காட்டுவது அவர் வேலை. கணக்கு கடினமானது இல்லை. போக 35 நிமிடம், வர 35, முனைகளில் ஓய்வு மொத்தம் 10. ஒரு சுற்றுக்கு 80 நிமிடம். 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்றால் 80ஐ 20ஆல் வகுங்கள், நான்கு வண்டி, நான்கு ஓட்டுநர். இப்போது சாலை நெரிசலில் போக வர தலா 8 நிமிடம் கூடினால் சுற்று 96 ஆகிறது. வகுத்தால் 4.8. ஐந்தாவது வண்டி வேண்டும். நான்கையே வைத்து ஓட்டினால் ஓட்டுநரின் ஓய்வு முழுவதும் போய், அதன் மேலும் சுற்றுக்கு 6 நிமிடம் இழுக்கும். ஐந்து சுற்றில் அரை மணி நேரம். அப்புறம் ஒரு நடையையே வெட்டிவிட்டு அட்டவணைக்குத் திரும்புவார்கள். உங்கள் நோட்டில் "வரவில்லை" என்று எழுதியிருக்கும் வண்டி அதுதான். ஓட்டுநரைத் திட்டிப் பயனில்லை. ஐந்தாவது வண்டிக்குப் பணம் எங்கே, அல்லது 24 நிமிடத்துக்கு ஒரு வண்டி என்று உண்மையான அட்டவணை போடுவதா என்பதே குழு பேச வேண்டிய பேச்சு. என்னைக் கேட்டால், வராத மூன்று வண்டியைவிட வருகிற இரண்டரை வண்டி மேல்.

நம் தீவில் இந்தக் கணக்கைக் குலைப்பது கரும்பு. ஜூலையிலிருந்து டிசம்பர் வரை வெட்டு. தீவில் இருப்பது இரண்டே ஆலைகள், கிழக்கே சேன்த் ஆந்த்ரேயில் பொவா ரூஜ், தெற்கே சேன் லூயியில் லெ கோல். கிழக்கின் கரும்பு பொவா ரூஜுக்கும் தெற்கின் கரும்பு லெ கோலுக்கும் டிராக்டரிலும் பெரிய லாரியிலும் போகிறது. ஓட்ட நேரத்தை மார்ச்சில் அளந்து போட்ட அட்டவணை செப்டம்பரில் தாங்காது. அக்டோபரில் அளந்தாலும் பாருங்கள், அந்த மாதம் இரண்டு வாரம் பள்ளி விடுமுறை, அந்த வாரங்களில் சாலை காலியாக இருக்கும். கரும்பும் பள்ளியும் சேர்ந்து ஓடும் வாரங்களில் அளந்த கணக்கைக் காட்டுங்கள் என்று கேட்பதற்கு பொறியியல் பட்டம் தேவையில்லை. அந்தச் சாலையில் தினமும் போய்வருகிறவர் போதும். தலைநகரிலோ பிரான்ஸிலோ உட்கார்ந்து திட்டம் போடும் ஆலோசனை நிறுவனம் இதைத் தவறவிடும், அவர் தவறவிடமாட்டார். சீட்டில் எடுத்தவர் குழுவுக்கு ஏன் வேண்டும் என்பதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும்.

நிறுத்தத்தையும் கிட்டப் போய்ப் பாருங்கள். கரும்புக் காட்டை ஒட்டிய சாலையில் ஒரு கம்பம், அதில் அட்டவணைப் பலகை. கம்பத்துக்குப் பின்னால் மழைநீர்க் கால்வாய், முன்னால் வெள்ளைக் கோடு. நடுவே இருப்பது அறுபது எழுபது செ.மீ. மண். பையோடு நான்கு பிள்ளைகள் நின்றால் இரண்டு பேர் தார் சாலையில் நிற்பார்கள். அளவுநாடா எடுத்து அளந்து படம் எடுங்கள். மாற்றுத்திறனாளி வழிக்கு 90 செ.மீ. அகலம் தேவை, சக்கர நாற்காலி திரும்ப 1.5 மீட்டர் வட்டம் தேவை. நடைமேடையின் விளிம்பு சாதாரணமாக 18 செ.மீ. உயரத்தில் இருந்தால்தான் தாழ்தளப் பேருந்தின் சாய்பலகை ஒழுங்காக உட்காரும். அட்டவணைப் பலகையின் எழுத்தை வெயில் தின்றிருந்தால் அதையும் எழுதுங்கள். பேருந்து வாங்குவது போலப் பெரிய செலவு இல்லை இது. ஆனால் நிறுத்தத்தின் சாலை ஒருவருடையது, பலகை இன்னொருவருடையது. நகராட்சிச் சாலையா, மாவட்டச் சாலையா, மாகாணச் சாலையா என்று முதலில் கேட்டு எழுதிக்கொள்ளாவிட்டால், ஓராண்டு கழித்தும் "அது எங்கள் பொறுப்பு இல்லை" என்ற பதில்தான் வரும்.

பொறுப்பு என்றதும் இன்னொன்று. சலாசி மலையிலிருந்து சேன் தெனி மருத்துவமனைக்குப் போகும் ஒரு பாட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். கீழே இறங்க எஸ்திவால், அது கிழக்குக் கூட்டமைப்பினுடையது. நெடுஞ்சாலையில் மஞ்சள் பேருந்து கார் ஜோன், அது மாகாணத்தினுடையது. தலைநகருக்குள் சித்தாலிஸ், அது வடக்குக் கூட்டமைப்பினுடையது. மூன்று அமைப்பு, மூன்று அட்டவணை. ஒவ்வொரு குழுவும் தன் பாதையை மட்டும் பேசினால், பாட்டி ஒரு வண்டியிலிருந்து இறங்கி அடுத்ததைப் பிடிக்கும் அந்த ஏழு நிமிடத்தை யாருமே பேசமாட்டார்கள். ஒரு வண்டி இரண்டு நிமிடம் தாமதித்தாலும் அடுத்தது போய்விட்டிருக்கும். எல்லா அமைப்புகளையும் சேர்த்து வைக்கத் தீவில் ஒரு கூட்டு நிறுவனம் இருக்கிறது. அதன் ஆள் உங்கள் குழுக் கூட்டத்துக்கு வர வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு அட்டவணை மாற்றத்தின் போதும் இணைப்பு வண்டிகளின் பட்டியலைப் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். என் பார்வையில், கிழக்கில் இருக்கும் பெரும் குறை வண்டிப் பற்றாக்குறையைவிட இந்த இணைப்புதான்.

புயல் காலத்துக்கும் ஒரு கேள்வி உண்டு. ஆரஞ்சு எச்சரிக்கையில் பள்ளிகள் மூடும், வேலை நடக்கும். சிவப்பு எச்சரிக்கை மூன்று மணி நேரம் முன்னதாக அறிவிக்கப்படும், அதன் பிறகு யாரும் வெளியே இருக்கக் கூடாது. அந்த மூன்று மணி நேரத்தில் எல்லோரும் ஒரே சமயத்தில் வீட்டுக்குக் கிளம்புவார்கள், ஓட்டுநரும் தன் வீட்டுக்குப் போக வேண்டும். ஒவ்வொரு பாதையிலும் கடைசி வண்டி எத்தனை மணிக்கு, அதை எங்கே அறிவிப்பார்கள்? இதை நவம்பரிலேயே குழு கேட்டு வாங்கி வைக்க வேண்டும். தைப்பூசக் காவடி ஊர்வலத்துக்குச் சாலை மூடும் நாளும் அப்படியே. மாற்றுப் பாதையைக் கோயில் நிர்வாகமும் பேருந்து நிறுவனமும் மூன்று வாரம் முன்னாலேயே பேசி முடித்துவிட்டால், அன்று காலை நிறுத்தத்தில் யாரும் ஏமாந்து நிற்கமாட்டார்கள்.

நிபுணர்கள் பற்றி ஒரு வார்த்தை. சாலைப் பொறியாளர், முன்னாள் ஓட்டுநர், மாற்றுத்திறனாளிகள் சங்கத்தார், வரி கட்டும் முதலாளிகளின் பிரதிநிதி, எல்லோரும் வேண்டும். இயக்கும் நிறுவனம் பதில் சொல்ல வரட்டும், ஆனால் கருத்து எழுதும்போது வெளியே இருக்கட்டும். நிபுணர் முதலில் பேசினால் மற்றவர் வாய் மூடிவிடும். ஆகவே தலைவர், நிறுத்தத்தில் நிற்கிறவரை முதலில் பேச விட வேண்டும், நிபுணர் அதற்கப்புறம். இந்தச் சிறிய வரிசை மாற்றத்தால் கூட்டத்தின் போக்கே மாறும்.

குலுக்கலிலும் ஓட்டை உண்டு. வாக்காளர் பட்டியலிலிருந்து மட்டும் எடுத்தால், அதிகம் பேருந்தில் போகும் பதினாறு வயதுப் பிள்ளைகளும் கொமோரோ போன்ற இடங்களிலிருந்து வந்து வாழும் குடிமக்கள் அல்லாதவர்களும் விடுபடுவார்கள். விருப்பம் தெரிவித்தவர்களிலிருந்து எடுத்தால் நேரம் இருப்பவர்கள் மட்டுமே வருவார்கள். ஊர் வாரியாக, வயது வாரியாக, ஆண் பெண் வாரியாகப் பிரித்து, பேருந்தில் போகிறவரா என்றும் கேட்டு எடுக்க வேண்டும். அப்புறம் கூட்ட நேரம். மாலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழரைக்கு முடியும் பேருந்துக் குழுக் கூட்டத்திலிருந்து மேட்டுப் பகுதிக்குத் திரும்பிப் போகப் பேருந்து இருக்காது. கார் இருப்பவர் மட்டுமே வர முடிகிற பேருந்துக் குழுவை வைத்து என்ன செய்வது? கூட்டத்தைச் சனிக்கிழமை காலையில் வையுங்கள், அல்லது திரும்பிப் போக வண்டிக்கு ஏற்பாடு செய்யுங்கள்.

கடைசியாக, உத்திரமேரூரைப் பற்றிச் சொன்னபோது பேசிய அந்தக் கணக்கு. கூட்டக் குறிப்பில் "உறுப்பினர்கள் கருத்துத் தெரிவித்தனர்" என்று ஒரு வரி போட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஐந்து கட்டம் வேண்டும்: என்ன கேட்டார்கள், யார் பொறுப்பு, செய்கிறார்களா மாட்டார்களா, மாட்டார்கள் என்றால் ஏன், எந்தத் தேதிக்குள். அடுத்த கூட்டத்தின் முதல் வேலையாக அந்த அட்டவணையைத் திரையில் போட்டு, முடிந்ததைப் பச்சையில், முடியாததைச் சிவப்பில் காட்டச் சொல்லுங்கள். பதவிக்காலம் முடிந்து போகிறவர் தன் நோட்டையும் அந்த அட்டவணையையும் புதிதாகச் சீட்டு விழுந்தவர் கையில் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். 2010இல் மாகாண ஆட்சி மாறியபோது டிராம்-ட்ரெயின் என்ற ரயில் திட்டம் அப்படியே நின்றுபோனது. அலுவலகங்களில் ஆள் மாறுவார்கள், கோப்பும் மாறும். நிறுத்தத்தில் நிற்கிறவர்கள் கையில் இருக்கும் நோட்டு மாறாமல் இருக்க வேண்டும்.

கடிதம் வந்திருந்தால் இன்றே சம்மதம் எழுதி அனுப்புங்கள். கூட்டத்துக்கு முன் நோட்டை எப்படி நிரப்புவது என்று சந்தேகம் இருந்தால் கருத்துப் பெட்டியில் பாதை எண்ணையும் நிறுத்தத்தின் பெயரையும் எழுதுங்கள், சுற்று நேரக் கணக்கைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போம்.