நிர்பயா நிதியும் வேலூர் காவல் துறையும்: ஒரு திருத்தம்

நிர்பயா நிதி என்பது பெண்களின் பாதுகாப்புக்காக ஒன்றிய அரசு ஏற்படுத்திய நிதி. 'பாதுகாப்பான நகரம் திட்டத்தில் வந்த நிர்பயா பணத்தை வேலூர் மாநகரக் காவல் ஆணையரகம் சம்பளத்துக்குச் செலவழித்துவிட்டது' என்று ஒருவர் எழுதியிருப்பது அடிப்படையிலேயே தவறு. வேலூர் 2008இல் மாநகராட்சியானாலும் இங்கே காவல் ஆணையரகம் கிடையாது. மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ்தான் வேலூர் வடக்கு, பாகாயம் காவல் நிலையங்கள் இயங்குகின்றன.

நிர்பயா நிதியிலிருந்து பாதுகாப்பான நகரம் திட்டத்துக்குத் தேர்வான எட்டு நகரங்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்னை மட்டுமே உண்டு. காவல் நிலையங்களில் மகளிர் உதவி மையம் அமைக்க நாடு முழுவதும் 10,000 நிலையங்களுக்கு, நிலையத்துக்கு 1 லட்சம் ரூபாய் வீதம், அதே நிதியிலிருந்து ஒதுக்கப்பட்டது வேறு கணக்கு.

காவலர் சம்பளம் மாநில நிதிநிலை அறிக்கையின் 22ஆம் மானியக் கோரிக்கையிலிருந்து, அதாவது காவல் துறைக்கான ஒதுக்கீட்டிலிருந்து, வருகிறது. ஒன்றிய அரசின் காவல் படை நவீனமயமாக்கல் திட்டமோ ஒன்றிய அரசு 60, மாநில அரசு 40 என்ற பங்கீட்டில் மாநில அரசுக்கு வருவது. பெற்ற தொகை, செலவான தொகை, மீதி ஆகியவற்றைக் காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழை மாநிலம் ஒன்றிய அரசுக்கு அளித்தாக வேண்டும்.

2016இல் வேலூர் தேர்வான சீர்மிகு நகரத் (ஸ்மார்ட் சிட்டி) திட்டத்தையும் பலர் இதனுடன் குழப்புகிறார்கள். அந்தப் பணம் தனி நிறுவனத்தின் வழியாகச் செலவிடப்பட்டது, காவல் துறையின் கைக்கு வந்ததன்று. கணக்குக் கேட்பது நம் உரிமை, கட்டாயம் கேட்க வேண்டும். ஆனால் எந்தத் திட்டம், எந்த நிதியாண்டு என்று குறிப்பிட்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.