கெண்டியின் அடியில் இருக்கும் பெயர்

அடிமை ஒழிப்பு வரலாற்றோடு தொடர்புள்ள பழைய வெள்ளித் தேநீர்க் கெண்டி என்றதும் பலரும் முதலில் கேட்பது, அது யார் வீட்டில் இருந்தது என்பதைத்தான். அடிமை முறையை எதிர்த்த, குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த குடும்பம் என்று பதில் வந்தால் முகம் மலர்ந்துவிடுகிறது. எனக்கு இது எரிச்சல் தருகிறது. செய்தவரைப் பற்றி ஏன் கேட்பதில்லை?

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் அத்தகைய கெண்டி ஒன்றைச் செய்தவர் பீட்டர் பென்ட்சன். 1783 வாக்கில், கரீபியன் கடலில் டென்மார்க் ஆண்ட டேனிஷ் மேற்கிந்தியத் தீவுகளில் பிறந்தவர். தந்தை ஐரோப்பியர், தாய் அடிமையாக இல்லாத, ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண். (தரங்கம்பாடிக் கோட்டையில் பறந்த அதே டேனிஷ் கொடிதான் அந்தத் தீவுகளிலும் பறந்தது. நம் பாடநூல்கள் இந்தப் பக்கத்தைச் சொல்வதில்லை.) பிலடெல்பியாவில் தொழில் கற்றார். பிறகு அங்கும், அந்தத் தீவுகளில் ஒன்றான செயின்ட் குரோயிலும் மாறி மாறிப் பட்டறை நடத்தினார். தன் வேலையில் தன் பெயரையே முத்திரையாகக் குத்தினார்.

அந்த முத்திரைதான் விஷயம். அன்றைய அமெரிக்காவில் கறுப்பினத் தட்டார்கள் இல்லாமல் இல்லை. ஓடிப்போன அடிமைகளைத் தேடித் தென்மாநிலப் பத்திரிகைகளில் வந்த விளம்பரங்களே, அவர்களில் சிலர் வெள்ளி வேலை தெரிந்தவர்கள் என்று சொல்கின்றன. ஆனால் அவர்கள் தட்டி வளைத்த பாத்திரங்களில் விழுந்தது எஜமானின் முத்திரை. இன்று எந்தக் கரண்டி யார் கையால் ஆனது என்று யாராலும் சொல்ல முடியாது.

குவேக்கர்களை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிலடெல்பியா குவேக்கர்கள் 1776இலேயே, தங்கள் உறுப்பினர்கள் அடிமைகளை வைத்திருக்கக் கூடாது என்று விதித்தார்கள். 1830இல் அதே நகரில் லிடியா ஒயிட் என்ற பெண், அடிமை உழைப்பு கலவாத பொருள்களுக்கென்றே கடை திறந்தார். தேநீரில் என்ன சர்க்கரை போடுகிறோம் என்று யோசித்த மனிதர்கள் மதிப்புக்குரியவர்களே.

ஆனால் செயின்ட் குரோய் கரும்புத் தீவு. அங்கே வெள்ளிப் பாத்திரம் வாங்கும் வசதி கரும்பிலிருந்து வந்தது. கரும்பை வெட்டியவர்கள் அடிமைகள். அமெரிக்கத் தட்டார்கள் பெரும்பாலும் உருக்கியதோ ஸ்பானிய நாணயங்களை. அந்த வெள்ளியின் பின்னாலும் தென் அமெரிக்காவின் பொத்தோசி போன்ற ஸ்பானியச் சுரங்கங்களின் கட்டாய உழைப்பு இருக்கிறது. 1848 ஜூலையில் செயின்ட் குரோயின் அடிமைகள் ஆயிரக்கணக்கில் திரண்டு ஃபிரடெரிக்ஸ்டெட் கோட்டையைச் சூழ்ந்த பிறகுதான் ஆளுநர் விடுதலையை அறிவித்தார். எந்தத் தேநீர் மேசையிலும் அது முடிவாகவில்லை.

அதனால் இத்தகைய பொருள்களின் விவரப் பலகையில் செய்தவரின் பெயர் முதலில், பெரிய எழுத்தில் வரட்டும். அடுத்து வெள்ளியும் சர்க்கரையும் எங்கிருந்து வந்தன என்று இரண்டு வரி. உரிமையாளர் வீட்டின் நற்பெயருக்குக் கடைசி வரி போதும்.