50,000 டாலர் படகுக்கு 8 பவுண்டு நங்கூரமா?

உள்ளீடற்ற உலோக உருளைகளின் மேல் தட்டையான தளம் போட்ட பாண்டூன் படகு ஒன்றில் பணம் எங்கெல்லாம் போகிறது, எங்கே போகாமல் நின்றுவிடுகிறது என்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. மெத்தை இருக்கைகள் எந்தெந்த நிறத்தில் கிடைக்கும், ஒலிபெருக்கிகள் எத்தனை பொருத்தலாம், மேற்கூரைத் துணி எந்தப் பக்கம் மடங்கும் என்றெல்லாம் அரை நாள் பேசுகிற விற்பனையாளரிடம் நங்கூரம் எங்கே என்று கேட்டுப்பாருங்கள். ஓர் இருக்கையின் மூடியைத் தூக்கி, கறுப்பு வினைல் பூசிய காளான் வடிவ நங்கூரம் ஒன்றையும் 50 அடி மஞ்சள் பாலிப்ரொப்பிலீன் கயிற்றையும் காட்டி, "ஏரிதானே, இது போதும்" என்று சொல்லி மூடியைச் சாத்திவிடுவார். சங்கிலி கிடையாது. அந்த நங்கூரத்தின் எடை 8 பவுண்டு. அவர் விற்கும் படகின் விலையோ 50,000 டாலர். அமெரிக்கக் கூட்டாட்சி விதிகள் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு அங்கி இருக்க வேண்டும் என்கின்றன, ஒலி எழுப்பும் கருவி இருக்க வேண்டும் என்கின்றன. பொழுதுபோக்குப் படகில் நங்கூரம் இருந்தே தீர வேண்டும் என்று மட்டும் சொல்வதில்லை. அந்த ஓட்டைக்குள்தான் இந்த அலட்சியம் முழுவதும் குடியிருக்கிறது.

நான் சொல்வதெல்லாம் அட்லாண்டாவுக்கு வடக்கே உள்ள லேக் லேனியரை வைத்து. சட்டஹூச்சி ஆற்றின் குறுக்கே அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1950-களில் கட்டிய பியூஃபோர்டு அணையால் உருவான இந்த நீர்த்தேக்கம் ஏறத்தாழ 38,000 ஏக்கர் பரப்புள்ளது. கம்மிங், ஆல்ஃபரெட்டா, ஜான்ஸ் கிரீக் பக்கம் குடியிருக்கும் நம் குடும்பங்கள், ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, கோடையில் பாண்டூன் படகு வாடகைக்கு எடுக்கும் இடம் இதுதான். பள்ளத்தாக்கை மூழ்கடித்து உண்டான ஏரி என்பதால் கரையிலிருந்து சற்று விலகினாலே பல இடங்களில் ஆழம் சட்டென்று இறங்கிவிடும். அடியில் சில இடங்களில் செம்மண் களி, சில இடங்களில் பாறை, சில இடங்களில் வெட்டாமல் விட்ட பழைய மரங்களும் அடிக்கட்டைகளும். இப்படிப்பட்ட அடிநிலத்தில் ஓர் இரும்புக் குண்டைப் போட்டுவிட்டுப் படகு நிற்கும் என்று நம்பச் சொல்கிறார்கள்.

காளான் நங்கூரத்தின் மீது எனக்குக் கோபமில்லை. ஸ்காட்லாந்தின் பெல் ராக் பாறையில் கலங்கரை விளக்கம் கட்டிக்கொண்டிருந்த காலத்தில், 1807-இல், அங்கே நிறுத்திய விளக்குக் கப்பலுக்காக, அதாவது விளக்கேற்றி ஒரே இடத்தில் நிற்கும் கப்பலுக்காக, ராபர்ட் ஸ்டீவன்சன் உருவாக்கிய வடிவம் அது. 82 டன் கப்பலுக்கு அவர் போட்ட நங்கூரத்தின் எடை ஒன்றரை டன். ஒரே இடத்தில் மாதக்கணக்கில் கிடந்து, மெல்ல மெல்லச் சேற்றில் புதைந்து, சேறு உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும்போதுதான் அந்த வடிவத்துக்கு முழு வலிமை வரும். இரண்டு மணி நேரம் நீந்திவிட்டுச் சாப்பிட்டுக் கிளம்பப்போகிற குடும்பத்துக்கு, ஆளும் சாமானும் ஏறினால் 4,000 பவுண்டைத் தொட்டுவிடும் படகுக்கு, அதே வடிவத்தைக் கைப்பிடியளவு செய்து கொடுத்தால் அது எதைப் பிடிக்கும்? தண்ணீருக்குள் போனால் இரும்புக்கே எடையில் ஏழில் ஒரு பங்கு குறைந்துவிடும். காப்பி டப்பாவில் கான்கிரீட் ஊற்றிக் கொக்கி வைத்து நங்கூரம் என்று சொல்கிறவர்கள் நிலைமை இதைவிட மோசம், ஏனென்றால் கரையில் 20 பவுண்டு இருக்கும் அந்தக் கட்டி தண்ணீருக்கு அடியில் 12 பவுண்டுக்கும் குறைவாகவே அழுத்தும்.

பாண்டூன் படகின் அமைப்பும் இந்தக் கவலையை இரட்டிப்பாக்குகிறது. 1950-களின் தொடக்கத்தில் மினசோட்டாவில் ஆம்ப்ரோஸ் வீர்ஸ் என்ற விவசாயி இரும்புப் பீப்பாய்களை வரிசையாக இணைத்து அதன்மேல் பலகைத் தளம் போட்டதிலிருந்து இன்றுவரை அடிப்படை மாறவில்லை: உருளைகள் மேலே ஒரு திண்ணை. தண்ணீருக்குள் அமிழ்ந்திருப்பது கொஞ்சம், காற்றுக்கு முகம் காட்டி நிற்பது அதிகம். சுற்றிலும் தடுப்புத் தகடுகள், தலைக்கு மேலே விரித்த கூரைத் துணி, எல்லாமாகச் சேர்ந்து பாய் கட்டியது போலவே காற்றை வாங்கும். காற்றின் வேகம் இரு மடங்கானால் இழுப்பு நான்கு மடங்காகும். அமெரிக்கப் படகு மற்றும் யாட் கவுன்சிலின் அட்டவணைப்படி 20 அடி நீளமுள்ள சாதாரணப் படகு ஒன்று 15 நாட் (மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர்) வேகக் காற்றில் நங்கூரத்தை இழுக்கும் விசை ஏறத்தாழ 90 பவுண்டு, 30 நாட் காற்றில் 360 பவுண்டு. ஜூலை மாதப் பிற்பகலில் இடிமேகம் திரண்டு வரும்போது லேனியரில் அப்படிப்பட்ட காற்று வீசுவது அபூர்வமே அல்ல. எட்டு பவுண்டு இரும்பு அப்போது எதற்கு ஆகும்?

நங்கூரம் தன் எடையால் படகை நிறுத்துவதில்லை. மண்ணைக் குத்திப் புதைந்து நிறுத்துகிறது. இந்த ஒன்றைக் கடையில் எவரும் சொல்வதில்லை. களியும் மணலும் உள்ள இடத்துக்கு டான்ஃபோர்த் வகை, அதாவது இரண்டு தட்டையான கூர் அலகுகள் கொண்டது, தன் எடைக்குப் பல மடங்கு பிடிக்கும். பாண்டூன்காரர்கள் பலர் விரும்பும் மடக்குப் பெட்டி நங்கூரம், எந்தப் பக்கம் விழுந்தாலும் ஏதோ ஓர் அலகு மண்ணில் இறங்கும்படி செய்யப்பட்டது. குறைந்த கயிற்றிலும் ஓரளவு நிற்கும். பாறையும் மரக்கட்டையும் உள்ள இடத்தில் கொக்கி நங்கூரம் மாட்டும், ஆனால் சில சமயம் திரும்பியே வராது. எதை எடுத்தாலும் கால் அங்குலத் தடிமனில் ஐந்தாறு அடிச் சங்கிலி இடையில் வேண்டும். அந்தச் சங்கிலிதான் நங்கூரத்தின் தண்டை அடிநிலத்தோடு படிய வைக்கிறது; அது இல்லாவிட்டால் படகு ஒவ்வொரு முறை எழும்பும்போதும் அலகை மண்ணிலிருந்து நெம்பி எடுத்துவிடும்.

கயிறு விஷயத்தில் இவர்கள் செய்வது இன்னும் கொடுமை. மஞ்சள் பாலிப்ரொப்பிலீன் கயிறு மிதக்கும், வெயிலில் நைந்துபோகும், இயந்திரத்தின் காற்றாடிக்குள் (புரொப்பெல்லருக்குள்) சுற்றிக்கொள்ளும். வேண்டியது நைலான்: அமிழும், அலையின் உதறலுக்கு இழுபட்டுக் கொடுக்கும். நீளக் கணக்கும் ஒன்றும் கடினமல்ல. தண்ணீரின் ஆழத்தோடு படகின் முன்பக்க உயரத்தைக் கூட்டி, ஏழால் பெருக்க வேண்டும். 12 அடி ஆழம், 2 அடி உயரம் என்றால் 98 அடி. அவர்கள் கொடுக்கும் 50 அடிக் கயிறு அந்த ஆழத்தில் மூன்றரை மடங்குக்கு மட்டுமே வரும். 40 அடி ஆழத்தில் நிறுத்த நினைத்தால் முந்நூறு அடி வேண்டும், அதாவது அங்கே நிறுத்தவே கூடாது. வாடகைக்கு விடுகிறவர் படகைத் தரும்போது ஆழமானியைக் கை நீட்டிக் காட்டுகிறாரே தவிர, அந்த எண்ணையும் இந்தக் கயிற்றையும் சேர்த்து ஒரு வாக்கியம் சொல்வதில்லை.

போன கோடையில் ஒரு விடுமுறை நாளன்று நாங்கள் நின்றிருந்த குடாவுக்குள் வாடகைப் பாண்டூன் ஒன்று வந்து, காற்று எங்களை நோக்கி வீசும் பக்கத்தில் நின்றது. அதிலிருந்த தம்பி ஒருவர் நங்கூரத்தைக் கல் எறிவதுபோல் தலைக்கு மேல் சுழற்றி எறிந்தார்; கயிற்றின் மறுமுனையை முன்வாசல் கம்பியில் இரண்டு சுற்றுச் சுற்றினார். அது பிடித்திருக்கிறதா என்று பார்க்க எவரும் நிற்கவில்லை, இசை ஒலிக்க ஆரம்பித்துவிட்டது. காற்று கொஞ்சம் கூடியதும் அந்தப் படகு பக்கவாட்டில் எங்களை நோக்கி நகர்ந்து வந்தது. எங்கள் படகின் ஏணிக்குப் பக்கத்தில் என் அக்காவின் மகள் நீந்திக்கொண்டிருந்தாள். "தம்பி, உங்கள் நங்கூரம் இழுத்துக்கொண்டு வருகிறது!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவர் பதறிப்போய் இயந்திரத்தை முடுக்கினார். தண்ணீரில் ஒரு குழந்தை இருக்கிறது, பக்கத்தில் காற்றாடி சுழல்கிறது! பிள்ளையை இரண்டு கைகளாலும் தூக்கி மேலே போட்டதை நினைத்தால் இப்போதும் நெஞ்சு பதறுகிறது. அவர்கள் கயிற்றை இழுத்தபோது வாசல் கம்பியின் அலுமினியக் குழாய் வளைந்திருந்தது; மேலே வந்த நங்கூரத்தில் ஒரு பொட்டுக் களிமண்கூட ஒட்டியிருக்கவில்லை. அந்தத் தம்பியைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் கையில் அதைக் கொடுத்து, ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, எரிபொருள் கட்டணத்தைப் பற்றி மட்டும் விளக்கி அனுப்பியவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நங்கூரத்தை எறியக் கூடாது. எறிந்தால் சங்கிலி அலகைச் சுற்றிக்கொள்ளும். காற்றுக்கு எதிராக மெல்ல முன்னேறி, நின்று, கையால் இறக்கி, படகு தானாகப் பின்வாங்கும்போது கயிற்றை விட்டுக்கொண்டே போய், கடைசியில் இயந்திரத்தைப் பின்னோக்கி மெதுவாகக் கொடுத்து நங்கூரம் கடித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கரையில் ஒரு மரத்தையும் அதற்குப் பின்னால் ஒரு வீட்டையும் நேர்கோட்டில் வைத்துக்கொண்டால், படகு நகர்வது ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கயிறு கிளீட்டில், அதாவது கயிறு கட்டவென்றே படகில் பொருத்திய உலோகக் கொம்பில், மட்டுமே கட்டப்பட வேண்டும். அதைவிட நல்லது, இரண்டு உருளைகளின் முன்முனையிலும் உள்ள வளையங்களிலிருந்து ஒரு கவைக்கயிறு (இரு கிளையாகப் பிரியும் கயிறு) போட்டு அதில் நங்கூரக் கயிற்றை மாட்டுவது. படகு இடமும் வலமும் அலையாது.

பின்பக்கத்தில் மட்டும் கட்டி நிறுத்துகிறவர்களைப் பார்க்கும்போது கை நடுங்குகிறது. ஏணி பின்னால் இருக்கிறது, வசதி என்பார்கள். இயந்திரம் தொங்கும் பக்கம்தான் கனமான பக்கம். பெரிய படகு ஒன்று கடந்து போகும்போது கிளம்பும் அலை நேராகப் பின்தளத்தில் ஏறும், இழுத்துப் பிடித்த கயிறோ அந்தப் பக்கத்தை மேலே எழ விடாது. விசைப்படகில் இப்படித்தான் பலர் மூழ்கியிருக்கிறார்கள். உருளைகள் சட்டென்று மூழ்காது என்பதற்காகத் தளத்தில் நிற்கும் பாட்டியும் பிள்ளைகளும் விழாமல் இருந்துவிடுவார்களா? அதேபோல் ஐந்தாறு படகுகளை வரிசையாகக் கட்டி, நடுவில் உள்ள ஒரே நங்கூரத்தை நம்பிக் கிடப்பதும் மன்னிக்க முடியாத செயல்.

தரமான நங்கூரம், சங்கிலி, 150 அடி நைலான் கயிறு, கொக்கி வளையம் எல்லாம் சேர்த்து வாங்கினாலும் ஒரு நாள் படகு வாடகையைத் தாண்டாது. ஒரு படகுக்கு ஒரு முறை செய்ய வேண்டிய இந்தச் செலவை மிச்சம் பிடிக்கும் வாடகை நிலையங்களை இனியும் சும்மா விடக் கூடாது. அடுத்த முறை முன்பதிவு செய்யும் முன் நங்கூரம் எந்த வகை, எத்தனை பவுண்டு, சங்கிலி உண்டா, கயிறு எத்தனை அடி என்ற நான்கையும் தொலைபேசியில் கேளுங்கள். பதில் தெரியாமல் விழித்தால், அந்தப் படகில் பிள்ளைகளை ஏற்றாதீர்கள்.